நம் ஊர் வெயிலில் கேக்குக்குக் கிரீம் பூசுவது: முழுமையான வழிகாட்டி

கேக் செய்முறைகளில் ஒரு வரி தவறாமல் வரும்: “வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்.” அதை எழுதியவரின் அறையில் 20 டிகிரி இருந்திருக்கும். மே மாதம் மதுரையில் என் சமையலறையில், மின்விசிறி ஓடும்போதே 34. வெண்ணெயோ 32 டிகிரி தாண்டினால் உருக ஆரம்பித்துவிடும். நம் வீடுகளில் கிரீம் சொதப்புவதற்குக் கைப்பழக்கம் போதாதது காரணம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வெப்பம்தான்.

இதை நான் தெரிந்துகொண்டது என் மகளின் ஐந்தாவது பிறந்தநாளில். காலையில் பூசி முடித்து, மேலே மூன்று ரோஜா பிழிந்து, மேசை மேல் வைத்துவிட்டேன். மாலை ஆறு மணிக்கு மெழுகுவத்தி ஏற்றும்போது மூன்று ரோஜாவும் ஒரு பக்கமாக வழிந்து அட்டையில் கிடந்தன. அவள் அழவில்லை. “அம்மா, பூ எங்கம்மா?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு நான் வாங்கிய முதல் பொருள் கிரீம் பிழியும் முனைகளான நாசில் செட் இல்லை, சமையல் தெர்மாமீட்டர். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள் என்பேன்.

எந்தக் கிரீமைத் தேர்ந்தெடுப்பது

வீட்டில் செய்யக்கூடியவற்றில் நமக்கு வேண்டியவை மூன்று: வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த பட்டர்கிரீம், நுரைக்க அடிக்கும் விப்பிங் கிரீம், சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்த கனாஷ். கப்கேக் மேல் அழுத்தமான வடிவம் வேண்டுமென்றால் பட்டர்கிரீம். பிறந்தநாள் கேக் லேசாக, இனிப்புக் குறைவாக வேண்டுமென்றால் விப்பிங் கிரீம். வெயில் காலம், கேக் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும் என்றால் கனாஷ். மூன்றில் வெயிலை அதிகம் தாங்குவது அதுதான். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு 71 டிகிரி வரை சூடாக்கி அடித்துச் செய்யும் சுவிஸ் மெரிங் பட்டர்கிரீம் என்று ஒன்றும் உண்டு. பட்டுப்போல இருக்கும், தித்திப்பும் குறைவு. ஆனால் முட்டை சேர்க்காத வீடுகளுக்கு அது ஒத்துவராது. முதல் தடவை செய்பவர்களுக்குப் பொறுமையையும் சோதிக்கும். மற்ற மூன்றிலும் முட்டையே கிடையாது. அவற்றில் கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

பட்டர்கிரீம்

12 கப்கேக்குக்கு 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 400 கிராம் ஐசிங் சுகர், ஒரு தேக்கரண்டி வெனிலா எசென்ஸ், ஒரு சிட்டிகை உப்பு, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த பால். ரொட்டியில் தடவும் உப்பு வெண்ணெய் இதற்கு வேண்டாம். 200 கிராமில் இருக்கும் உப்பு சேர்ந்து நாக்கில் கரிக்கும். வீட்டில் கடைந்த வெண்ணெயும் வேண்டாம். அதில் தண்ணீர் அதிகம், தயிரின் புளிப்பு வாசமும் ஒட்டிக்கொண்டிருக்கும். நெய் காய்ச்ச அதைவிட நல்லது இல்லை, கிரீமுக்குத்தான் சரிவராது.

ஐசிங் சுகர் கிடைக்காவிட்டால் ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவு சேர்த்து மிக்ஸியில் நைசாக அரைத்து இரண்டு முறை சலியுங்கள். அரைத்த சூடு முழுக்க ஆறிய பிறகே வெண்ணெயில் சேர்க்க வேண்டும். சலிக்காமல் போட்டால் நாசில் ஓட்டையில் ஒரு குருணை வந்து அடைக்கும். பூவின் நடுவில் கிரீம் நின்றுபோகும்.

வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டுகளாக நறுக்கி வையுங்கள். நம் ஊரில் 10 நிமிடம் போதும், மே மாதத்தில் ஐந்தே நிமிடம். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. தெர்மாமீட்டரில் 18 முதல் 20 டிகிரி.

இப்போது சர்க்கரை சேர்க்காமல் வெண்ணெயை மட்டும் அடியுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். முதல் நிமிடம் வெண்ணெய் பீட்டரில் உருண்டையாகச் சுற்றிக்கொண்டு டக்டக் என்று பாத்திரத்தில் மோதும். இரண்டாவது நிமிடம் அந்தச் சத்தம் அடங்கி, பாத்திரத்தின் ஓரமெல்லாம் பரவும், மஞ்சளாகவே இருக்கும். ஒருமுறை நிறுத்தி ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி அடித்தால், ஐந்தாவது நிமிடத்துக்கு மேல் மஞ்சள் வெளுத்துக்கொண்டே வந்து தந்த நிறத்துக்கு வரும். பீட்டரின் கம்பிக் கோடுகள் அதில் பதிந்து நிற்கும். அதுதான் பதம். காற்று உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு சர்க்கரையை மூன்று தவணையாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் அடியுங்கள். கடைசியாக எசென்ஸ், உப்பு. பால் கரண்டி கரண்டியாக மட்டும்.

கிரீம் தளர்ந்து வழிகிறதா? சர்க்கரையை மேலும் மேலும் கொட்டாதீர்கள், தித்திப்புத்தான் ஏறும். பாத்திரத்தோடு 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி அடியுங்கள். திரிந்ததுபோல் குருணை குருணையாக இருந்தால் அது அதிகக் குளிர்ச்சி. ஒரு கரண்டி கிரீமை மட்டும் எடுத்து இளக்கி, திரும்ப ஊற்றி அடித்தால் சேர்ந்துகொள்ளும். சூடானால் குளிர வை, குளிர்ந்து இறுகினால் கொஞ்சம் இளக்கு. பட்டர்கிரீமில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதற்குள் அடங்கிவிடும்.

சின்ன வயதில் பேக்கரியில் வாங்கிய கேக் நினைவிருக்கிறதா? வெள்ளைக் கிரீம், மேலே அடர் ரோஸ் நிறத்தில் ஒரு பூ, சாப்பிட்டு முடித்த பிறகும் மேலண்ணத்தில் மெழுகு தடவியதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். கெட்டியாக்கிய தாவரக் கொழுப்பில் அடித்த கிரீம் அப்படித்தான் ஒட்டும். அந்தக் கொழுப்பு உடல் சூட்டிலும் முழுதாக உருகாது. அதனால்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர்சாதனம் இல்லாமலே அந்தப் பூ நாள் முழுக்க நின்றது. இன்றும் கோடையில் வெண்ணெயில் கால் பங்கைக் குறைத்து அதேபோன்ற கெட்டித் தாவரக் கொழுப்பான வெள்ளை ஷார்ட்னிங் சேர்ப்பவர்கள் உண்டு. கிரீம் நன்றாக நிற்கவும் செய்யும். 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே லேபிள் ஒட்டிய பொட்டலமாக வாங்குங்கள், சில்லறையாக வெட்டித் தருவதை வாங்காதீர்கள். என் வீட்டில் நான் சேர்ப்பதில்லை. பிள்ளைகள் நாக்கில் வெண்ணெய் உருக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

விப்பிங் கிரீம்

கடையில் “ஃப்ரெஷ் கிரீம்” என்று விற்கும் சின்னப் பெட்டியை வாங்கி ஒரு மணி நேரம் அடித்து ஓய்ந்துபோனவர்கள் நிறைய. அதில் கொழுப்பு 25 சதவீதம்தான். அடித்து நிற்க 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும். எனவே பெட்டியில் கொழுப்பு அளவைப் படியுங்கள். பாலிலிருந்து எடுத்த விப்பிங் கிரீம் ருசியில் உயர்ந்தது, ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் தளரும். பேக்கரிகளில் பயன்படுத்துவது உறைந்த நிலையில் லிட்டர் பெட்டியாக வரும் தாவரக் கொழுப்புக் கிரீம். வீட்டிலிருந்து கேக் விற்பவர்களும் பெரும்பாலும் அதைத்தான் வாங்குகிறார்கள். அதில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கும், ருசி பார்க்காமல் மேலும் சேர்க்காதீர்கள்.

உறைந்த பெட்டியை முந்தைய நாளே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வெளியே வைத்து இளக்கக் கூடாது. ஓரம் சூடாகும், நடு கல்லாகவே இருக்கும். ஒருமுறை இளகியதைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த முறை சரியாக எழும்பாது. அடிப்பதற்கு அரை மணி முன்னால் பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் ஃப்ரீசரில் வையுங்கள். வெயில் கடுமையாக இருந்தால் ஒரு அகலப் பாத்திரத்தில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் போட்டு, அதற்குள் கிரீம் பாத்திரத்தை உட்கார வைத்து அடியுங்கள். ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே தெறிக்க வேண்டாம்.

ஒரு கிலோ கேக்குக்கு 300 மி.லி. திரவக் கிரீம் எடுத்தால் தாராளம், தாவரக் கொழுப்புக் கிரீம் அடித்த பின் மூன்று மடங்குக்கு வரும். நடுத்தர வேகத்திலேயே அடியுங்கள். கம்பியைத் தூக்கினால் நுனி வளைந்து தலை சாய்க்கும் பதம் கேக்கைச் சுற்றிப் பூச. நுனி நிமிர்ந்து நிற்கும் பதம் நாசிலில் பிழிய. பூசும்போது கத்தி படப்பட கிரீம் இன்னும் இறுகும் என்பதால், பூச வேண்டியதைக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிடுங்கள். அதிகம் அடித்துவிட்டால் ரவைபோல் சொரசொரப்பாகிவிடும். அடிக்காத திரவக் கிரீமை இரண்டு மூன்று கரண்டி ஊற்றி, மெஷினை விட்டுவிட்டு ஸ்பாட்சுலாவால் மெதுவாக மடித்துக் கலந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். அதற்காகவே பெட்டியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள்.

கனாஷ்

நன்றாக நின்று பிடிக்க டார்க் சாக்லேட் 200 கிராமுக்குக் கிரீம் 100 கிராம். வெள்ளைச் சாக்லேட் என்றால் 300 கிராமுக்கு 100. கேக் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வழிய விட வேண்டுமென்றால் சாக்லேட்டும் கிரீமும் சமம். விப்பிங்குக்கு ஆகாத அந்த 25 சதவீதக் கிரீம் இங்கே அருமையாக உதவும். கொதிக்கவிடாமல், ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் இறக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, கை வைக்காமல் மூன்று நிமிடம் விடுங்கள். அப்புறம் நடுவிலிருந்து சின்ன வட்டமாகக் கிளறி வெளிப்பக்கம் போங்கள். பளபளவென்று சேர்ந்து வரும்.

சாக்லேட்டைத் தனியாக உருக்கும்போது ஈரக் கரண்டி பட்டால் போதும், மொத்தமும் களிபோல் இறுகிவிடும். அப்படி இறுகியதை எறிய வேண்டாம். சூடான கிரீமை இன்னும் ஊற்றிக் கனாஷாக மாற்றிவிடலாம்.

சாக்லேட்டில் இருக்கும் கோகோ விதைக் கொழுப்பான கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகுவது. அசல் சாக்லேட்டின் ருசிக்கும் அதுதான் காரணம், கோடையில் அது நெளிவதற்கும் அதுதான் காரணம். கடையில் மலிவாகக் கிடைக்கும் காம்பவுண்ட் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். மேலே வைக்கும் அலங்காரத் துண்டுகளுக்குக் காம்பவுண்ட், வாயில் போய் உருக வேண்டிய கனாஷுக்கு அசல் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நன்றாக வரும்.

பூசும் முறை

சூடான கேக் மேல் எந்தக் கிரீமும் நிற்காது. முழுக்க ஆறவிட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, முடிந்தால் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த கேக் உதிராமல் வெட்ட வரும். மேலே புடைத்திருக்கும் பகுதியை ரொட்டிக் கத்தியால் சமமாகச் சீவி எடுத்து, மூன்று அடுக்காக வெட்டுங்கள். 100 மி.லி. தண்ணீரில் 50 கிராம் சர்க்கரை கரைத்து ஆறவைத்த பாகை ஒவ்வோர் அடுக்கிலும் பிரஷ்ஷால் தடவுங்கள். முட்டையில்லாத கேக்குக்குப் பாதிப் பாகு போதும், அது ஏற்கெனவே ஈரமாகத்தான் இருக்கும்.

அட்டையின் நடுவில் ஒரு பொட்டு கிரீம் வைத்து முதல் அடுக்கை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் கேக் சுற்றும்போது நகரும். ஜாம் அல்லது பழம் வைப்பதாக இருந்தால் ஓரமாகக் கிரீமால் ஒரு வரப்பு கட்டி, அதற்குள் வையுங்கள். வயலில் தண்ணீர் தேக்குவது மாதிரிதான். வரப்பு இல்லாமல் வைத்த மாம்பழத் துண்டு மேலடுக்கின் பாரத்தில் பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வரும். கடைசி அடுக்கைத் தலைகீழாக வைத்தால் அடிப்பாகம் மேலே வந்து, மேற்பரப்பு தட்டையாக இருக்கும்.

இனி முதல் பூச்சு. மெல்லிசாக, கேக் தெரியும் அளவுக்கு. உதிரும் தூளையெல்லாம் இந்தப் பூச்சு பிடித்து வைத்துக்கொள்ளும். கத்தியில் ஒட்டிய தூளை நல்ல கிரீம் பாத்திரத்துக்குள் திரும்ப வழிக்காதீர்கள், தனிக் கிண்ணம் வையுங்கள். 20 முதல் 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகுதான் அடுத்த பூச்சு. கட்டிடத்துக்குச் சுவர்ப் பூச்சு காயாமல் வெள்ளையடித்தால் என்ன ஆகுமோ, அதுதான் இதற்கும் ஆகும்.

இரண்டாவது பூச்சில் வேண்டியதைவிட அதிகமாகவே கிரீம் வையுங்கள். கூடுதலை வழித்து எடுப்பது எளிது, பள்ளத்தை நிரப்புவது கடினம். பக்கவாட்டில், கிரீமை வழிக்கும் தட்டைத் தகடான ஸ்க்ரேப்பரைக் கேக்குக்கு 45 டிகிரி சாய்வாகப் பிடித்து, அடிப்பகுதி அட்டையில் பட நிறுத்திவிடுங்கள். கை அசையக் கூடாது, கேக் வைத்த சுழல்மேடையான டர்ன்டேபிள்தான் சுற்ற வேண்டும். ஒரே இழுப்பில் முழுச் சுற்றும் சுற்றிவிட்டு வழித்துப் பாருங்கள். ஸ்க்ரேப்பரில் சேர்ந்த கிரீமை எடுத்துப் பள்ளம் தெரியும் இடத்தில் வைத்து மறுபடி ஒரு சுற்று. மூன்றாவது நான்காவது சுற்றில் சுவர் நேராகிவிடும், அப்போது மேல் ஓரத்தில் கிரீம் ஒரு விளிம்பாக எழும்பி நிற்கும். அதைக் கத்தியால் வெளியிலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்னதாக இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் கத்தியைத் துடைத்துக்கொள்ளுங்கள். கூர்மையான விளிம்பு வருவது இந்தத் துடைப்பினால்தான். பட்டர்கிரீம் என்றால் கடைசிச் சுற்றுக்கு ஸ்க்ரேப்பரை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு இழுக்கலாம், கண்ணாடிபோல் வரும். விப்பிங் கிரீமுக்கு வெந்நீர் வேண்டாம்.

நாசில் பிடிக்கும் கை

நம் வீடுகளில் இந்தக் கை புதிதல்ல. ஓட்டை போட்ட துணியில் மாவை வைத்து, மேலிருந்து முறுக்கி, எண்ணெயில் ஜாங்கிரி பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே பிடிதான் இதற்கும். ஒரு கை மேலே முறுக்கி அழுத்தும், மறு கை நுனியை வழிநடத்தும். மருதாணி கோன் போடத் தெரிந்தவர்களுக்கு இன்னும் எளிது. பட்டர் பேப்பரை அதேபோல் கூம்பாகச் சுருட்டி நுனியைக் கத்தரித்தால் பெயர் எழுத அதைவிட நல்ல கருவி இல்லை.

பையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நிறைய இருந்தால் உள்ளங்கைச் சூட்டில் கிரீம் இளகும். உங்கள் கை இயல்பாகவே சூடான கை என்றால், நடுவில் ஐஸ் தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொண்டு தொடருங்கள்.

தொடக்கத்தில் மூன்று நாசில் போதும்: திறந்த நட்சத்திரம் ஒன்று, பெரிய வட்டம் ஒன்று, இலை ஒன்று. கப்கேக்குக்கு நட்சத்திர நாசிலை நேர்க்குத்தாகப் பிடித்து, வெளி ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே சுற்றிக்கொண்டே மேலே ஏறினால் கோபுரம். நடுவில் ஆரம்பித்து வெளியே சுற்றினால் அதே நாசிலில் ரோஜா. முடிக்கும்போது அழுத்துவதை நிறுத்திவிட்டுத்தான் கையைத் தூக்க வேண்டும். அழுத்திக்கொண்டே தூக்கினால் வால் நீளும். எவர்சில்வர் தட்டின் பின்புறத்தில் பத்து முறை பிழிந்து, வழித்துப் பைக்குள் போட்டு, மறுபடி பிழிந்து பழகுங்கள். கிரீம் வீணாகாது.

நிறமும் பூவும்

தண்ணீர்போல் இருக்கும் கலர் கிரீமைத் தளர்த்தும். ஜெல் கலரைப் பல் குத்தும் குச்சியின் நுனியால் தொட்டுச் சேருங்கள். நிறம் நேரம் ஆக ஆக அடர்த்தியாகும் என்பதால், நினைத்ததைவிட ஒரு படி குறைவாக நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அடர் சிவப்பு வேண்டுமென்று கலரைக் கொட்டினால் கசக்கும்; முந்தைய நாளே ரோஸ் நிறத்தில் கலந்து வைத்துவிடுவதே வழி. வெண்ணெயின் மஞ்சளில் நீலம் சேர்த்தால் பச்சை எட்டிப் பார்க்கும். முதலில் குண்டூசி முனை அளவு ஊதா சேர்த்து மஞ்சளை வெளுக்க வைத்துவிட்டு நீலம் போடுங்கள்.

மினுக்கும் பொடிகளில் கவனம் தேவை. “நான்-டாக்ஸிக்” என்று மட்டும் எழுதியிருந்தால் அது உண்பதற்கானது இல்லை. உண்ணத்தக்கது என்றும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இப்போது கேக் மேல் வைக்கும் தங்க நிற உருண்டைகள் பல தெர்மாகோல். பரிமாறும் முன் எண்ணி எடுத்துவிடுங்கள், சின்னக் குழந்தை அதை மிட்டாய் என்று நினைக்கும்.

நிஜப் பூ வைப்பதில் எனக்குப் பெரிய பயம் உண்டு. அரளி அழகுதான், ஆனால் செடி முழுக்க விஷம். கேக் பக்கமே கொண்டுவராதீர்கள். பால் வடியும் எந்தப் பூவையும் தவிர்த்துவிடுங்கள். பூக்கடை ரோஜாவில் மருந்து தெளித்திருப்பார்கள். வீட்டுத் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்ந்த பன்னீர் ரோஜா இதழ் இருந்தால் கழுவி, ஈரம் துடைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்னால் தூவுங்கள். இன்னொன்று: பிறந்தநாள் வீடுகளில் அடிக்கும் நுரை ஸ்ப்ரே தீப்பிடிக்கக்கூடியது. மெழுகுவத்தி எரியும்போது அந்த டப்பா அறையிலேயே இருக்க வேண்டாம்.

எடுத்துப்போவதும் வெட்டுவதும்

ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்த கேக், சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் உடனே வேர்க்கும். கலர் எழுத்து இருந்தால் கரைந்து ஓடும். பெட்டியோடு ஃப்ரிட்ஜில் வைத்து, பெட்டியோடே வெளியே எடுத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் நீர் பெட்டியின் மேல்தான் படியும். பெயரை அந்தந்த நாளில் எழுதிக்கொள்ளுங்கள். காரில் போகும்போது இருக்கை சாய்வாக இருக்கும், மடியும் சூடு. கால் வைக்கும் சமதளத்தில், அடியில் ஈரத்துணி விரித்து வையுங்கள். ஸ்கூட்டரில் கொண்டுபோவதாக இருந்தால் அடுக்குகளின் நடுவே தடித்த ஸ்ட்ரா இரண்டு செருகிவிட்டால் வழுக்காது. வெட்டும்போது அவற்றை எடுக்க மறக்க வேண்டாம்.

வெட்டக் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி துடையுங்கள். பட்டர்கிரீமை ஃப்ரிட்ஜ் குளிரோடு சாப்பிட்டால் வெண்ணெய்க் கட்டியைக் கடிப்பதுபோல் இருக்கும். டிசம்பரில் அரை மணி முன்னால் எடுத்து வையுங்கள். மே மாதத்தில், எல்லோரும் கேக்கைச் சுற்றி வந்து நின்ற பிறகு எடுத்தால் போதும்.